கணிதக் கற்பித்தலில் தொழில்நுட்பம்: தாம்பரமும் தென்சென்னையும்

கணக்கைத் தொட்டும் பார்த்தும் கற்க உதவும் கருவிகள், மென்பொருள்கள், ஒளிபரப்புகள், செயலிகள் அனைத்தும் இத்தலைப்பில் அடங்கும். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே இவ்வரலாறு தொடங்கிவிட்டது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லி, விரலால் மணலில் எழுதிப் பழகினார்கள். தப்பாகப் போனால் ஒரு தடவலில் அழிந்துவிடும். தவற்றுக்கு அஞ்சாமல் எழுதலாம். சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான காப்பகத்தை 1789 முதல் கண்காணித்த ஆண்ட்ரூ பெல், இம்முறையைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தினார். 1797இல் அவர் எழுதிய நூல் வழியாக அது மெட்ராஸ் முறையின் ஒரு பகுதியாக இங்கிலாந்துக்குப் போயிற்று.

அடுத்த நெடுங்காலத்துக்குக் கரும்பலகையும் மடக்கை அட்டவணையும்தான். 2003இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல் திட்டம், கிண்டி ஐஐடி வகுப்பறையின் கணித விரிவுரைகளை மற்றக் கல்லூரி மாணவர்களுக்கும் திறந்துவிட்டது. பள்ளிக் கணிதத்தின் சிக்கல் வேறு. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ராமானுஜம் தலைமையில், தேசியக் கலைத்திட்டம் 2005க்காக அமைந்த குழு, பெரும்பாலான பிள்ளைகளிடம் கணக்கைப் பற்றிய பயமும் தோல்வி உணர்வும் இருப்பதை முதல் குறையாகச் சொன்னது. எந்தக் கருவியையும் அந்தப் பயம் குறைகிறதா என்று பார்த்தே மதிப்பிட வேண்டும்.

2011இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தது. ஆனால் கணக்கு வகுப்புக்கு நேரடியாகப் பயன்பட்டது 2018இன் புதிய பாடநூல்தான். அதில் க்யூஆர் கோடும், இணையச் செயல்பாடு என்ற பகுதியும் இருந்தன. ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் உருவாக்கிய ஜியோஜீப்ரா மென்பொருளே பெரும்பாலும் அப்பகுதிக்கு அடிப்படை. ஒன்பதாம் வகுப்பின் செங்கோட்டு மையத்தை, அதாவது முக்கோணத்தின் குத்துயரங்கள் சந்திக்கும் புள்ளியை, எடுத்துக்கொள்வோம். நோட்டில் ஒரு முக்கோணம் வரையவே கால்மணி நேரம் ஆகும். இரண்டாவது வரைய மணியடித்துவிடும். திரையில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போதும். குறுங்கோண முக்கோணத்தில் உள்ளே இருக்கும் புள்ளி மெல்ல நகர்கிறது. கோணம் 90 பாகையைத் தொடும்போது அந்த முனையிலேயே வந்து உட்காருகிறது. இன்னும் விரித்தால் முக்கோணத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. ஏன் வெளியே போகிறது என்று பிள்ளையே கேட்கும். அந்தக் கேள்விக்காகவே இம்மென்பொருளைக் கொண்டாடலாம்.

2019 ஆகஸ்டு 26இல் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்து கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடியபோது, கைபேசி இல்லாத வீடுகளுக்கு அது பெருந்துணை. ஆயினும் ஒளிபரப்பு காத்திருக்காது. ஒரு படி புரியாமல் பிள்ளை நிற்கும்போது, பாடம் மூன்று படி தாண்டிப் போயிருக்கும்.

நிறுத்திப் பார்க்கவும் திரும்பிப் பார்க்கவும் வழி செய்தது மணற்கேணி செயலி. 2023 ஜூலை 25இல் தாம்பரம் ஜெய்கோபால் கரோடியா அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அது வெளியிடப்பட்டது. பெயர் திருக்குறளின் கல்வி அதிகாரத்திலிருந்து வந்தது. பாடங்களைச் சிறு சிறு கருத்துகளாகப் பிரித்து அசைவூட்டக் காணொளிகளாகத் தருகிறது. பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் திணறும் மாணவிக்குப் பெரும்பாலும் இடறுவது சைன், காஸ் அல்ல. கீழ்வகுப்பில் நழுவவிட்ட விகிதம். யார் கண்ணிலும் படாமல் அந்தப் பழைய பாடத்துக்கு அவள் இதில் போய்வரலாம்.