மெட்ராஸ் பேர்ல ஒரு நோய்

மெட்ராஸ் ஐ எல்லாருக்கும் தெரியும். ஒரு வாரம் கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டுச் சுத்தினா போயிடும். மருத்துவ நூல்கள்ல நம்ம ஊர் பேரோட இன்னொரு நோய் இருக்கு: மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். அது அப்படிப் போற நோய் இல்லை.

1970. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தின்னு மூணு மெட்ராஸ் டாக்டர்கள் 'நியூராலஜி இந்தியா' இதழ்ல ஒரு குறிப்பு எழுதுறாங்க. (அடையாறு பக்கம் வி.எச்.எஸ்.ல பின்னாடி நரம்பு அறுவை மையம் கொண்டுவந்த அதே பி. ராமமூர்த்திதான்.) தசையை இயக்குற நரம்பு செல்கள் செத்துப்போறதுதான் மோட்டார் நியூரான் நோய். வழக்கமா நடுவயசு தாண்டி வரும், பலர் சில வருஷத்துலயே இறந்துடுவாங்க. இங்க வந்தவங்களோ ஸ்கூல், காலேஜ் வயசுப் பசங்க. கை கால் சூம்புது, முகம் தளருது, விழுங்கச் சிரமம், பலருக்குக் காதும் கேட்கலை. ஆனா நோய் ரொம்ப மெதுவா நகருது.

இதைத் தனி நோயா பிரிச்சுப் பார்த்ததுதான் பெரிய விஷயம்னு எனக்குத் தோணுது. பதினேழு வயசுப் பையனோட அம்மாகிட்ட "சில வருஷம்தான்"னு சொல்றதா, "படிக்க வைங்க"ன்னு சொல்றதா? அந்த வித்தியாசம். சி.டி. ஸ்கேனே வராத காலம். சின்ன சுத்தியல், ட்யூனிங் ஃபோர்க், நோயாளி சொல்ற கதை, அவ்வளவுதான் கையில. அப்புறம் பெங்களூர் நிம்ஹான்ஸ், 1971 முதல் 2007 வரை பார்த்த 116 பேரைப் பத்தி எழுதினாங்க.

சரி, ஜீன்? வழக்கமான மோட்டார் நியூரான் நோய்ல, நரம்பு செல்லுக்குள்ள ஒரு புரோட்டீன் கட்டிகட்டியா சேர்ந்து கிடக்குறதை 2006-ல கண்டுபிடிச்சாங்க. பேரு டி.டி.பி-43. ஆர்.என்.ஏ.வைப் பிடிச்சு, ஜீன் அனுப்புற செய்தியைச் சரியா வெட்டி ஒட்ட உதவுற புரோட்டீன். 2008-ல அதை உருவாக்குற ஜீன்லயே பிழை இருக்கிற குடும்பங்கள் கிடைச்சுது. மெட்ராஸ் நோய்க்கு அப்படி எல்லாருக்கும் பொருந்துற ஒரு ஜீன் நிறுவப்படலை. பெரும்பாலும் வீட்டுல ஒருத்தருக்குத்தான் வருது. தலைமுறை வழியா தடம் பிடிக்கிறது கஷ்டம்.

தேடுறதுல என்ன லாபம்னு கேக்கலாம். இதே மாதிரி காது மந்தமாகி முகம் தளர்ற இன்னொரு நோய், பிரௌன்-வயலெட்டோ-வான் லேர். 2010-ல அதோட ஜீன் கிடைச்சுது: வைட்டமின் பி2-வை உடம்புக்குள்ள கடத்துற புரோட்டீனோடது. அதுக்கப்புறம் அதிக அளவு பி2 கொடுத்ததுல பல குழந்தைகள் தேறினாங்க. அதனால அந்த அறிகுறிகளோட வர்ற பசங்களுக்கு, மெட்ராஸ் நோய்னு எழுதி ஃபைலை மூடறதுக்கு முன்னாடி, அந்த ஜீனைப் பார்த்துடணும். ரிசல்ட் வர்றவரை காத்திருக்காம பி2-வை ஆரம்பிச்சுடுவாங்க. அது ஒரு மஞ்சள் மாத்திரை.