மறுவார்ப்பும் பெயரற்ற குரல்களும்: முஸ்லிம்கோஸ் இசை பற்றி

ஒருவர் ஆக்கிய இசையை இன்னொரு கலைஞர் பிரித்தெடுத்து வேறொன்றாகக் கட்டியெழுப்புவதை 'ரீமிக்ஸ்' என்கிறார்கள். நம்மிடையே இச்சொல் பழைய சினிமாப் பாடலுக்கு வேகமான தாளம் சேர்ப்பதையே பெரும்பாலும் குறிக்கிறது. எனவே பலர் அதனை மலினமான வேலையாகக் கருதுகின்றனர். பரிசோதனை மின்னணு இசையின் வரலாற்றிலோ அது ஒரு வாசிப்பு முறை. சக கலைஞனின் ஆக்கத்துக்கு எழுதப்படும் உரை என்றும் சொல்லலாம். இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம், நம் சமூகத்தின் பெயரையே புனைபெயரில் தாங்கிய ஒரு பிரித்தானியர்.

1961இல் பிறந்த பிரின் ஜோன்ஸ் மன்செஸ்டரில் வாழ்ந்தவர், முஸ்லிம் அல்லர். 1982இல் இஸ்ரேல் லெபனான்மீது படையெடுத்தமை அவரை உலுக்கியது. அதன் எதிரொலியாக 'முஸ்லிம்கோஸ்' என்ற பெயரைச் சூடிக்கொண்டார். முஸ்லிம் என்ற சொல், மஸ்லின் துணி, காயத்துக்குக் கட்டும் கோஸ் ஆகிய மூன்றும் கலந்த சிலேடை அது. அவரது இசையில் பாடல் வரிகள் கிடையா. கைமேளங்களும் நாடாவில் வெட்டி ஒட்டிய குரல் துணுக்குகளும் இரைச்சலுமே உண்டு. அரசியல் முழுவதும் தலைப்புகளில் இருந்தது. மத்திய கிழக்கில் அவர் கால் வைத்ததே இல்லை. ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணுக்குப் போகமாட்டேன் என்பது அவரது நிலைப்பாடு.

1970களில் ஜமேக்காவில் கிங் டபி போன்றோர் பாடகரின் குரலை நீக்கி, மேளத்தையும் பேஸையும் முன்னிறுத்தி, எதிரொலி சேர்த்து 'டப்' இசையை வளர்த்தனர். ரீமிக்ஸின் பிரதான வேர்களுள் அதுவும் ஒன்று. ஜோன்ஸின் ஆக்கங்களிலும் அதன் சாயல் தெளிவு. ஒரே ஆக்கத்தை அவரே பலமுறை மாற்றி வார்த்தார். அவர் அனுப்பிய நாடாக்களின் வேகத்துக்கு அம்ஸ்டர்டாமின் ஸ்டால்பிளாட் நிறுவனத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. பிறரும் அவரது ஒலிகளில் கை வைத்தனர். பிரட்ஃபோர்டின் டப் கலைஞர் றூட்ஸ்மன் அவரோடு இணைந்தார். ஸ்டீவன் வில்சன் அவரது ஒலிகளோடு சேர்ந்து வார்த்தவை, 'பேஸ் கொமியூனியன் வி முஸ்லிம்கோஸ்' என 1999இல் வெளிவந்தன. அவ்வருடம் ஜனவரி 14இல், 37 வயதில், ஜோன்ஸ் காலமாகியிருந்தார்.

வில்சனின் கையில் மேளத்தின் சினம் அடங்கித் துயரம் மேலெழுகிறது. மூலத்தில் ஒளிந்திருந்ததை மறுவார்ப்பு காட்டித் தருகிறது. இதுவே அதன் பெறுமதி.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மறுவார்ப்பின் உறையில் கலைஞர் இருவரின் பெயர்களும் உள்ளன. ஜோன்ஸ் வெட்டியெடுத்த அரபு, பாரசீகக் குரல்களுக்கு உரியோரின் பெயர்களைக் காண்பதோ அரிது. அவர்களிடம் யாரும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. தலைப்புகளிலும் இதே அலட்சியம் உண்டு. 1987இன் ஒரு தொகுப்புக்கு 'அபூ நிதால்' என்று பெயர். 1994இன் ஒன்றுக்கு 'ஹெப்ரோன் படுகொலை'. அப்பாவிகளைக் கொன்றவனின் பெயரும், இப்ராஹீமி பள்ளிவாசலில் தொழுகையில் கொல்லப்பட்ட 29 பேரின் நினைவும் ஒரே வரிசையில் வருகின்றன. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்ததை அறிந்த நாம் இதை எளிதில் கடந்துபோக முடியாது.

ஆயினும் நான் அவரை ஒதுக்கவில்லை. உலகம் செய்தியாகப் பார்த்து மறந்ததை அவர் பதினாறு வருடங்களுக்கு மேலாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவரது ஒலிகளை மறுவார்ப்புச் செய்ய மிகப் பொருத்தமானவர்கள், அந்தக் குரல்களுக்குச் சொந்தமான மண்ணின் கலைஞர்களே. அத்தகைய வார்ப்பில் முதலில் அச்சாக வேண்டியது, பேசியவரின் பெயரும் மேளம் கொட்டியவரின் பெயரும்தான்.