இதழ்ப் பெயர்கள் உரைக்கும் வரலாறு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிவதற்குக் கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே சான்றுகள் அல்ல. அச்சமுதாயத்தார் நடத்திய இதழ்களின் பெயர்களும் சான்றுகளே. நம் முன்னோர் நடத்திய இதழ்களுள் பலவற்றின் படிகள் இன்று கிடைப்பதில்லை. பெயரும் ஆண்டும் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. அப்பெயர்களை ஆண்டு முறைப்படி எழுதி, எச்சொல் எப்போது தோன்றுகிறது, எச்சொல் மறைகிறது, எச்சொல் மீண்டும் வருகிறது என நோக்கினால், அக்காலத்தார் நெஞ்சில் நின்ற வினாக்கள் புலப்படும்.

முதற்கண் தமிழ் இதழ்கள் சிலவற்றை நோக்குவோம்: சூரியோதயம் (1869), பஞ்சமன் (1871), திராவிட பாண்டியன் (1885), பறையன் (1893), ஒரு பைசாத் தமிழன் (1907), ஆதிதிராவிடன் (1919). இவ்வாறனுள் முதலாவது நீங்கலாக ஐந்தும் 'நாம் யார்?' என்னும் ஒரே வினாவிற்குரிய விடைகள். ஆயினும் விடைகள் ஒன்றல்ல. இரட்டைமலை சீனிவாசனார், பிறர் இழிவாக வழங்கிய சொல்லையே இதழின் நெற்றியில் பொறித்து, அதனை உரிமைக்கொடியாக உயர்த்தினார். அயோத்திதாசப் பண்டிதரோ, அப்பெயர் பிறர் சுமத்தியது; நம் முன்னோர் பௌத்தராய் வாழ்ந்த தமிழர் என்றார். அவர்தம் வார இதழின் பெயரில் விலையும் சேர்ந்திருந்தமை, அது யாருக்காக வந்தது என்பதைக் காட்டும். மறு ஆண்டே அது 'தமிழன்' ஆயிற்று. 1922இல் சென்னை மாகாண அரசு, எம்.சி. ராஜா முதலியோரின் முயற்சியால், அரசு ஏடுகளில் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை வழங்க ஆணையிட்டது. இதழின் நெற்றியில் எழுந்த சொல் அரசாணையிலும் ஏறிற்று.

இனி மராத்தியத்தில் அண்ணல் அம்பேத்கர் கண்ட இதழ்களைக் காண்போம். மூக்நாயக் (1920) என்பது ஊமைகளின் தலைவன். பஹிஷ்கிருத் பாரத் (1927) விலக்கப்பட்ட பாரதம். சமதா (1928) சமத்துவம். ஜனதா (1930) மக்கள். 1956இல் ஜனதா 'பிரபுத்த பாரத்', அதாவது விழிப்புற்ற பாரதம் எனப் பெயர் மாறிற்று. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் அண்ணல் பௌத்தம் தழுவினார். இங்கு எச்சாதிப் பெயரும் இல்லை. 'பாரதம்' என்னும் சொல் இருமுறை வருகிறது. அதற்கு அடைமொழி மட்டுமே மாறுகிறது. விலக்கப்பட்ட நிலையிலிருந்து விழிப்புற்ற நிலைக்கு முப்பது ஆண்டுக்குள் நடந்த பயணம் அவ்விரு அடைமொழிகளில் அடங்கியுள்ளது. 1997இல் தமிழில் தோன்றிய இதழ் 'தலித் முரசு' எனப் பெயர் பூண்டது. ஊமையரின் பெயரால் தொடங்கிய வரிசையில் முரசும் ஒலித்தது.

எனினும், சொற்களை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. வசைமொழியிலும் இதழின் முகப்பிலும் எழுத்து ஒன்றே. சொல்பவர் யார் என்பதே பொருளை மாற்றுகிறது. பெயர் வாயில்தான், உள்ளே புகுந்து கற்றாலன்றி வீடு விளங்காது.

இளைஞர்களே! நம் இல்லங்களில் கிடக்கும் பழைய இதழ், மாநாட்டுத் துண்டறிக்கை, சங்க ஆண்டறிக்கை எதனையும் பழைய காகிதமென எடைக்குப் போடாதீர். ஒவ்வொன்றின் பெயரையும் ஆண்டையும் குறித்து நம் சங்கத்திற் சேர்ப்பீர். பெயர் மட்டும் எஞ்சும் நிலை, இவ்வெள்ளிவிழா மலர் காணும் தலைமுறையோடு ஒழியட்டும்.