ஜொகூர் பாருவின் அங்காடித் தெருக்கள்: பெயர் பெற்றோரும் பெயர் பெறாதோரும்

முன்னுரை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் வேறுபடுத்திப் பேசுகிறது. சிலப்பதிகாரம் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டுமிடத்து அப்பம் விற்போர், கள் விற்போர், மீன் விற்போர், உப்பு விற்போர், வெற்றிலை விற்போர் எனத் தொழில்வாரியாக மக்களை எடுத்துரைக்கிறது. அங்காடியைப் பாடிய புலவர்கள் அங்கிருந்தோரின் தொழிலைச் சொன்னார்கள். தனி மனிதரின் பெயரைச் சொல்லவில்லை. அரசர்க்குப் பெயர் உண்டு. சிறுவணிகர்க்குத் தொழிலே பெயராக நின்றது.

இந்நிலை பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை என்பதை ஜொகூர் பாருவின் பழைய கடைத்தெருக்கள் உணர்த்துகின்றன. அந்நகரின் சிறுகடைகளும் சந்தைகளும் எவ்வாறு தோன்றின, எவற்றால் நிலைபெற்றன, எவற்றால் நலிந்தன என்பதை இக்கட்டுரையில் நோக்குகிறோம். அத்தெருக்களின் நினைவில் இந்தியர்க்கு, சிறப்பாகத் தமிழர்க்கு, எத்தகைய இடம் கிடைத்துள்ளது என்பதும் நம் ஆய்வுக்குரியதாகும்.

ஆற்றோரத்தில் எழுந்த ஊர்

1855-ஆம் ஆண்டு தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் ஜொகூர் நீரிணையின் கரையில் தஞ்சோங் புத்ரி என்னும் குடியிருப்பை உருவாக்கினார். அவர் மகன் அபு பாக்கார் காலத்தில், 1866-இல், அது ஜொகூர் பாரு எனப் பெயர் மாற்றம் பெற்றது. அப்போது ஜொகூரின் பொருளியல் மிளகையும் கம்பீரையும் நம்பியிருந்தது. கம்பீர் என்பது தமிழர் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை ஒத்த ஒரு செடிப் பொருள். தோல் பதனிடுவதற்கும் அது பயன்பட்டமையால் மேலைநாடுகளில் பெரிதும் விலைபோயிற்று.

இத்தோட்டங்களைத் திறப்பதற்கு ஆட்சியாளர் சீனத் தலைவர்களுக்கு உரிமைச் சீட்டு வழங்கினர். ஆற்றுப் பகுதி ஒவ்வொன்றும் ஒரு தலைவர் பொறுப்பில் விடப்பட்டது. 'ஆற்றின் தலைவர்' எனப் பொருள்படும் கங்சூ என்னும் பெயரால் அம்முறை வழங்கிற்று. 1917-இல் அது நீக்கப்பட்டது. ஆறே அக்காலத்தின் சாலை என்பதால், செகெட் ஆற்றை ஒட்டியே ஜொகூர் பாருவின் கடைகளும் வளர்ந்தன. இன்றைய பழைய நகரத் தெருக்களான ஜாலான் தான் ஹியோக் நீ, ஜாலான் டோபி, ஜாலான் துருஸ், ஜாலான் உங்கு புவான் ஆகியவை யாவும் நடந்தே சுற்றிவரக்கூடிய சிறு வட்டத்துள் அமைந்துள்ளன.

தெருப்பெயர்கள் கூறும் வரலாறு

இவ்வட்டாரத்தின் மூன்று தெருப்பெயர்களை ஒருசேர நோக்குவோமானால் ஓர் உண்மை புலனாகும்.

முதலாவது தான் ஹியோக் நீ. 1827-இல் சீனாவில் பிறந்த இவர், சிங்கப்பூரில் துணிமூட்டை சுமந்து விற்ற சிறுவணிகராகத் தம் வாழ்வைத் தொடங்கியவர். தெலோக் பிளாங்கா பகுதிக்குத் துணி விற்கச் சென்றபோது தெமெங்கோங் குடும்பத்தாரோடு பழக்கம் ஏற்பட்டது. பின்னர்க் கம்பீர், மிளகுத் தோட்டங்களால் பெருஞ்செல்வரானார். ஜொகூரில் சீனர்களின் தலைமைப் பதவியாகிய 'மேஜர் சீனா' என்னும் பட்டத்தையும் பெற்றார். சிங்கப்பூரில் அவர் எழுப்பிய மாளிகை இன்றும் நிலைத்திருக்கிறது. 1902-இல் அவர் மறைந்தார்.

இரண்டாவது வோங் ஆ ஃபூக். 1837-இல் பிறந்த இவர் இளமையிலேயே சிங்கப்பூருக்கு வந்த தச்சர். 1866-இல் நிறைவுற்ற இஸ்தானா பெசார் என்னும் பேரரண்மனையைக் கட்டிய ஒப்பந்தக்காரராக உயர்ந்தார். செகெட் ஆற்றங்கரையில் அவர் பெற்ற நிலத்தில் ஒரு குடியிருப்பே அவர் பெயரால் உருவாயிற்று. 1918-இல் மறைந்த அவர் பெயரை நகரின் முதன்மைச் சாலை தாங்கி நிற்கிறது.

மூன்றாவது ஜாலான் டோபி. டோபி என்பது வடஇந்திய மொழிகளிலிருந்து மலாய்க்கு வந்த சொல். சலவைத் தொழிலாளரைக் குறிப்பது. ஆற்றின் அண்மையில் துணி வெளுத்து வாழ்ந்த இந்தியர்களின் நினைவாக அப்பெயர் நிற்கிறது.

துணி விற்றவரும் உழைப்பாளிதான். மரம் இழைத்தவரும் உழைப்பாளிதான். துணி வெளுத்தவரும் உழைப்பாளிதான். முதல் இருவரும் செல்வம் பெற்றுத் தம் பெயரால் நினைக்கப்படுகிறார்கள். மூன்றாமவரோ தொழிலின் பெயரால் மட்டுமே நினைக்கப்படுகிறார். சீனச் சமூகத்தினர் 2009-இல் ஜாலான் இப்ராஹிமில் சீன மரபுடைமை அரும்பொருளகம் ஒன்றைத் திறந்து, தம் முன்னோரின் தொழில், வாணிகம், சங்க வாழ்வு ஆகியவற்றைக் காட்சிக்கு வைத்துள்ளனர். அஃது உவந்து பாராட்டத்தக்க முயற்சி. இந்தியச் சிறுகடைகளின் வரலாறோ பெரும்பாலும் வாய்மொழியாகவே நிற்கிறது.

கோயிலும் கடைத்தெருவும்

ஜொகூரில் தமிழர் பெருகியதற்கு இரயில் பாதையும் ரப்பரும் முதன்மைக் காரணங்கள். 1909-இல் ஜொகூர் மாநில இரயில் பாதை நிறைவுற்று, ஜொகூர் பாரு வடக்கே உள்ள மாநிலங்களோடு இணைக்கப்பட்டது. கம்பீர் விளைந்து வளமிழந்த நிலங்களில் பால்மரம் ஊன்றப்பட்டது. தண்டவாளம் இடவும் சாலை போடவும் பால்வெட்டவும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்தனர்.

அருள்மிகு இராஜமாரியம்மன் ஆலயம் 1911-இல் எழுந்ததை இப்பின்னணியிலேயே காணவேண்டும். ஆலயம் அமைந்த ஜாலான் உங்கு புவான் நகரின் 'லிட்டில் இந்தியா'வாக அறியப்படுகிறது. தமிழர் குடியேறிய நகரங்களில் கோயில் வழிபாட்டிடமாக மட்டும் இருப்பதில்லை. ஒரு வாணிக மையத்தின் நடுப்புள்ளியாகவும் அமைகிறது. அருச்சனைக்குப் பூவும் தேங்காயும் வேண்டும். ஆகவே மாலை கட்டுவோர் வருகின்றனர். திருமணத்திற்குப் புடவையும் தாலியும் வேண்டும்; ஆகவே துணிக்கடையும் நகைக்கடையும் வருகின்றன. வந்தவர் உண்ண வேண்டும். ஆகவே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வருகிறது. மளிகைக் கடை, முடிதிருத்தும் நிலையம், பாத்திரக் கடை ஆகியவை பின்தொடர்கின்றன. சென்னை மயிலாப்பூரின் மாடவீதிகளிலும் கோலாலம்பூர் மகாமாரியம்மன் ஆலயத்தைச் சூழ்ந்த தெருக்களிலும் இதே அமைப்பைக் காணலாம்.

ஜாலான் துருஸில் 1870-ஆம் ஆண்டின் மணியைத் தாங்கிய பழைய சீனக் கோயிலும், அதே சாலையில் சீக்கியர் குருத்துவாராவும் உள்ளன. வழிபாட்டிடங்கள் அருகருகே அமைந்தமையால் ஓர் இனத்தின் திருவிழாக் கூட்டம் மற்றோர் இனத்தின் கடைக்கும் வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கடையின் அமைப்பும் அஞ்சடியும்

இத்தெருக்களின் கடைவீடுகள் குறுகிய முகப்பும் நீண்ட உட்பகுதியும் உடையவை. கீழே கடை, மேலே குடும்பம். கடைகளின் முன்னே கூரையிட்ட பொது நடைபாதை தொடர்ந்து செல்லும். 1822-இல் இராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரமைப்புக்கு வகுத்த விதியிலிருந்து பரவிய இவ்வழக்கத்தை மலாய்க்காரர் காக்கி லிமா என்பர். நம்மவர் அஞ்சடி என்பர். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அமைந்த அஞ்சடி, கடைக்கு வாடகை கொடுக்க இயலாதவர்க்கும் பிழைப்பிடம் ஆயிற்று. வெற்றிலை விற்பவர், பூக்கட்டுபவர், செருப்புத் தைப்பவர், கிளிசோதிடர் ஆகியோர் அங்கே ஒரு பலகையோ பாயோ இட்டுத் தொழில் நடத்தினர். முழுக்கடை வைத்திருந்தவருக்காவது வாடகைச் சீட்டு சான்றாக எஞ்சும். அஞ்சடி வணிகருக்கு அதுவும் எஞ்சுவதில்லை.

பழைய தொழில் மாறாது தொடரும் கடைகள் சிலவும் இங்குண்டு. ஜாலான் தான் ஹியோக் நீயில் 1919-இல் தொடங்கப்பெற்ற ஹியாப் ஜூ ரொட்டிக் கடை, விறகு அடுப்பில் சுடும் வாழைப்பழக் கேக்குக்குப் பெயர்பெற்றது. ஜாலான் டோபியில் 1937-இல் தொடங்கப்பெற்ற சலாஹுடின் ரொட்டிக் கடை இந்திய முஸ்லிம்களின் தொழில் மரபைச் சார்ந்தது. சீனரும் இந்திய முஸ்லிமும் ஒரே நுட்பத்தை அண்டைத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தமை இந்நகரின் இயல்பை நன்கு காட்டுகிறது எனலாம்.

அல்லங்காடியின் இக்கால வடிவமாக ஜாலான் செகெட் பகுதியின் பசார் காராட்டைக் கருதலாம். காராட் என்றால் துரு. பழைய கருவிகள், கைக்கடிகாரங்கள், நாணயங்கள் முதலிய பயன்படுத்திய பொருள்கள் விற்ற சந்தை என்பதால் அப்பெயர். ஆடை, காலணி, உணவு ஆகியவையும் பின்னாளில் அங்கு மிகுந்தன. பகலில் கடை திறக்கப் பொருள்வசதி இல்லாதவர்க்கு இரவுச்சந்தை ஒரு முதற்படியாகும்.

எல்லையும் நாணயமும் வாடகையும்

இச்சிறுகடைகளின் ஏற்றத்தாழ்வைக் கடைக்காரரின் திறமையைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. அவரது கைக்கு அப்பாற்பட்ட மூன்று காரணங்களை நாம் காண்கிறோம்.

முதலாவது எல்லை. 1924-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் சிங்கப்பூரோடு இணைக்கும் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. ஆற்றுப் படகை நம்பிய கடைத்தெரு அன்றுமுதல் பாலத்தை நோக்கித் திரும்பியது. மலேசிய, சிங்கப்பூர் நாணயங்கள் 1973-ஆம் ஆண்டு மே 8 வரை ஒன்றுக்கொன்று சமமாக மாற்றிக்கொள்ளப்பட்டன. அவ்வேற்பாடு முடிந்தபின் ரிங்கிட் படிப்படியாக மதிப்புக் குறைந்தது. பாலத்திற்கு அப்பாலிருந்து வருவோர்க்கு ஜொகூர் பாரு மலிவான சந்தையாயிற்று. இதனால் கிட்டிய ஆதாயத்தோடு ஓர் ஆபத்தும் வந்தது. 2020 மார்ச் 18-இல் நோய்த்தொற்றின் காரணமாக எல்லை மூடப்பட்டபோது, நகர மையக் கடைகள் தம் வாடிக்கையாளரில் பெரும்பகுதியினரை இழந்தன. தரைவழி எல்லை முழுமையாகத் திறக்கப்பட்ட நாள் 2022 ஏப்ரல் 1. இரண்டாண்டு வாடகையைச் சேமிப்பிலிருந்து கட்டுவது சிறுகடைக்காரர்க்கு எளிதன்று.

இரண்டாவது குடிபெயர்வு. தெப்ராவ், ஸ்கூடாய், உலு திராம், மாசாய் வட்டாரத் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியபோது தோட்டத் தமிழர் புறநகர்த் தாமான்களில் குடியேறினர். சம்பள நாளில் பட்டணம் வந்து புடவையும் பாத்திரமும் வாங்கிச் சென்ற வழக்கம் தளர்ந்தது. தாமானிலேயே கடைகள் தோன்றின; பேரங்காடிகளும் எழுந்தன.

மூன்றாவது வாடகை. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைத் தீபகற்ப மலேசியா முழுவதும் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1997-இல் அது நீக்கப்பட்டது. மாற்றத்துக்கு விடப்பட்ட காலம் 1999 திசம்பர் 31-இல் முடிந்தது. பினாங்கில் இதன் விளைவு மிகக் கடுமையாக இருந்தது. பழைய கட்டடங்களில் குறைந்த வாடகையை நம்பித் தொழில் நடத்தியோர்க்கு அப்பாதுகாப்பு அதன்பின் எங்கும் இல்லை. கட்டுப்பாட்டால் கட்டட உரிமையாளர்க்கு நேர்ந்த இழப்பையும் மறுப்பதற்கில்லை. பழுதுபார்க்கப் போதிய வருவாயின்றிச் சிதைந்த கட்டடங்கள் பல. எனினும் சட்டம் நீங்கியபோது சிறுதொழிலைக் காக்கும் மாற்று ஏற்பாடு உடன் வரவில்லை.

கட்டடம் வேறு, தொழில் வேறு

அண்மைக் காலத்தில் ஜாலான் தான் ஹியோக் நீ மரபுடைமைத் தெருவாகச் சீர்செய்யப்பட்டுள்ளது. சுவரோவியங்களும் காப்பிக் கடைகளும் புதுவகைச் சிறுகடைகளும் அங்கு மிகுந்துள்ளன. மூடப்பட்டிருந்த செகெட் ஆறும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் முகப்பு காக்கப்படுதல் ஒன்று. அதனுள் நடந்த தொழில் காக்கப்படுதல் மற்றொன்று. பழைய பலகை மாட்டிய சுவருக்குள் தையற்காரர் இல்லையெனில் அங்கே எஞ்சுவது வரலாற்றின் ஓடு மட்டுமே.

சிங்கப்பூரின் வுட்லண்ட்ஸ் நோர்த்தையும் புக்கிட் சாகாரையும் இணைக்கும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் இரயில் இணைப்பு, ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு திசையிலும் 10,000 பயணிகள் வரை ஏற்றிச்செல்லும் திறனோடு திட்டமிடப்பட்டது. புக்கிட் சாகார் பழைய நகருக்கு அண்மையில் உள்ளது. கூட்டம் பெருகும், கூட்டம் பெருகும் இடத்தில் வாடகையும் உயரும் என்பது இதுவரை நாம் கண்ட வரலாற்றின் பாடம்.

முடிவுரை

ஜொகூர் பாருவின் கடைத்தெருக்களை ஆறு தோற்றுவித்தது. இரயிலும் பாலமும் வளர்த்தன. கோயில்கள் மக்களைக் கூட்டின. நாணய மதிப்பும் வாடகைச் சட்டமும் அவற்றின் போக்கை மாற்றின. இம்மாற்றங்கள் அனைத்தினூடும் தமிழர் அங்கே விற்றும் வெளுத்தும் தைத்தும் சமைத்தும் வாழ்ந்துள்ளனர். அவர்களின் பெயர்கள் மட்டும் தெருவில் இல்லை.

இனிமேல் தெருப்பெயரை மாற்றிக் கேட்பது நம் நோக்கமன்று. ஜாலான் டோபி என்னும் பெயரே ஒரு மதிப்புமிக்க சான்று, அதனை மறைக்கலாகாது. அப்பெயருக்குள் அடங்கிய மனிதர்களைக் கண்டறிவதே நம் கடமை. வாடகைச் சீட்டு, கடை உரிமம், வரவு செலவு ஏடு, பற்றுப் புத்தகம், திருவிழா நன்கொடைப் பட்டியல், கடைமுன் எடுத்த நிழற்படம் ஆகியவை யாவும் வரலாற்று ஆவணங்களே. கடை மூடப்படும் நாளில் தட்டுமுட்டுச் சாமான்கள் விலைபோகும். ஏடுகள் குப்பைக்குப் போகும். அந்நாள் வருமுன் மாணவர்கள் தத்தம் ஊர்க் கடைத்தெருவில் ஒரு கடையையேனும் தேர்ந்து, உரியவரின் இசைவோடு அவர் வரலாற்றைப் பதிவு செய்வாராயின், தொழிலால் மட்டும் அறியப்பட்டோர் தம் பெயராலும் அறியப்படுவர்.