நொக்ஸ் கண்ட வன்னி

கனகராயன்குளம் போன்ற வன்னியூர்களின் பழமையை ஆராயப் புகுவோர், றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681 இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கை நூலைப் புறக்கணித்தல் இயலாது. அதனை எவ்வளவு நம்பலாம்?

1660 இல் கொட்டியாரத்திற் பிடிபட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கைதியாயிருந்தவர் அவர். தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். பண்டஞ் சுமந்து ஊரூராகத் திரிந்தார். ஆதலின் கலப்பை, வயல், நீர்ப்பாய்ச்சல் பற்றி அவர் கூறுவதை ஏற்கத் தடையில்லை. கையாற் பிடித்தறிந்தவர் கூற்று அது. இரண்டாம் இராசசிங்கனின் குணத்தை விரிக்குமிடத்திலோ கைதியின் கசப்பும் உடன் பேசுகின்றது. மேலும், நூலைச் செப்பனிட விஞ்ஞானி றொபேட் ஹூக் உதவினார், முன்னுரையும் அவரதே. எவ்வாக்கியம் எவருடையதெனப் பிரித்தல் எளிதன்று.

நம் வன்னியின் நிலை வேறு. 1679 இல் தப்பிய நொக்ஸ், அநுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயாவைப் பற்றிக்கொண்டு அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். கனகராயன் ஆறு பாயும் நிலம் அவ்வழிக்கு வடகிழக்கே கிடந்தது. வன்னியர் நாட்டின் ஓரத்திலே, அகப்படுவோமோ என அஞ்சி ஒளிந்து நடந்தவர் எதனைக் கண்டிருப்பார்? அவர் வன்னியைப் பற்றி எழுதியவற்றுட் பெரும்பகுதி கேள்விச் செய்தியென்றே கொள்ளவேண்டும். வன்னியில் உத்தியோகம் பார்த்து, 1895 இல் அம்மாவட்டங்களின் கைந்நூலை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ், இருநூறாண்டு பிந்தியவராயினும், இவ்வூருக்கு நொக்சினும் நெருங்கிய சாட்சி.