சிற்றூர் விமானங்களும் விமானிகளின் உத்தியோகமும்

இருப்புப்பாதை உத்தியோகத்தை நம்பித் தமிழகத்தை விட்டு நாகபுரிக்கு வந்து குடியேறியவர்கள் நம் காலனியில் பலர். நம் பாட்டன்மார் காலத்தில் பிள்ளைகள் எஞ்சின் டிரைவர் ஆகவேண்டுமென்று ஆசைப்பட்டனர். இன்று அதே வீட்டுப் பிள்ளைகள் விமானி ஆகவேண்டுமென்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளையின் பெற்றோர் ஒருவர், ஊரிலுள்ள நிலத்தை விற்று விமானப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று சென்ற ஆண்டு என்னை வினவினார். யான் மெட்ரிகுலேஷன் வரை படித்த குமாஸ்தா. விமானம் ஓட்டும் வித்தையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆயினும், ஸீனியாரிட்டிப் பட்டியல் எழுதுவது என் அன்றாட வேலை. ஓர் உத்தியோகத்தில் ஏறும் படிகள் எவை, அவை எங்கே முறியும் என்பதை ஒருவாறு அறிவேன். அக்கண்கொண்டு சிற்றூர் விமானப் போக்குவரத்தின் சரித்திரத்தைப் படித்துப் பார்த்தேன். கண்டவற்றை ஆண்டு மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

முதல் கிளைப் பாதை

ஏர் இந்தியாவின் தொடக்கமே ஒரு கிளைப் பாதைதான் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. இலண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் கராச்சி வரை தபால் கொண்டுவந்தன. அங்கிருந்து அதை உள்நாட்டுக்கு எடுத்துச் செல்ல 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சிறிய பஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய் சேர்ந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அத்தபாலைக் கொண்டு சேர்த்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். பெரிய பாதைக்குச் சரக்குச் சேர்க்கும் சிறிய பாதையாகத் தொடங்கிய அந்த ஸர்வீஸே பிற்காலத்தில் ஏர் இந்தியா என்னும் ஆலமரமாயிற்று.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், படைகளுக்கு வேண்டாத டகோடா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வாங்கிப் பல கம்பெனிகள் தோன்றின. பாரத் ஏர்வேஸ், டெக்கான் ஏர்வேஸ், ஹிமாலயன் ஏவியேஷன், பிஜு பட்நாயக் தொடங்கிய கலிங்கா ஏர்லைன்ஸ் முதலியன அவற்றுட் சில. பெண்களை விமானியாக ஏற்கப் பிறர் தயங்கிய அந்நாளில், டெக்கான் ஏர்வேஸ் பிரேம் மாத்தூர் என்னும் அம்மையாருக்கு இடமளித்தது.

நள்ளிரவுச் சந்திப்பு

நம்மூருக்கு இச்சரித்திரத்தில் ஒரு தனி இடமுண்டு. 1949-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இரவுத் தபால் திட்டத்தின்படி, டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பட்டணங்களிலிருந்தும் இரவில் விமானங்கள் கிளம்பும். நான்கும் நள்ளிரவில் நாகபுரியில் வந்து கூடும். தபால் மூட்டைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டு, பிரயாணிகளையும் மாற்றி ஏற்றிக்கொண்டு, விடியுமுன் தத்தம் ஊருக்குத் திரும்பிவிடும். இருப்புப்பாதையில் ஜங்ஷன் என்று நாம் சொல்வதை வானத்திற்கும் கொண்டுவந்த ஏற்பாடு இது. இன்று உலகமெங்கும் பெரிய விமானக் கம்பெனிகள் கையாளும் முறையும் இதன் விரிவேயாகும். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஓரிடத்திற்கு ஆட்களைக் கொணர்ந்து, அங்கே வண்டி மாற்றி அனுப்புகின்றனர்.

1953-இல் பாராளுமன்றம் சட்டமியற்றி, எட்டு உள்நாட்டு ஸர்வீஸ்களை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பொரேஷனை நிறுவியது. அதற்குக் கிடைத்த 99 விமானங்களில் 74 டகோடாக்கள். அவை மண் தரையிலும் இறங்கும். ஆதலால் சிற்றூர்கள் பல விமானத்தைக் கண்டன. விமானிக்கும் உத்தியோகம் நிலைத்தது. டகோடாவில் துணை விமானியாய்ச் சேர்ந்தவர், அதே கார்ப்பொரேஷனில் வைகவுண்டுக்கும், 1964-இல் வந்த காரவெல் ஜெட் விமானத்திற்கும், பின்னர் போயிங்குக்கும் வரிசைக்கிரமமாக ஏறினார். இருப்புப்பாதையில் சரக்கு வண்டி, பாசஞ்சர், மெயில் என்று ஏறுவதற்கு ஒப்பானது இது.

ஆனால் ஜெட் விமானத்திற்கு நீண்ட ஓடுதளமும் நிறையப் பிரயாணிகளும் வேண்டும். டகோடாக்கள் ஓய்வு பெற்றபோது, அவை சென்றுவந்த ஊர்கள் பலவும் விமான வரைபடத்திலிருந்து மறைந்தன. விஞ்ஞானம் முன்னேறியது, சிற்றூர் பின்தங்கியது.

வாயுதூத்

இக்குறையைத் தீர்க்க 1981-ஆம் ஆண்டு குடியரசு நாளன்று வாயுதூத் தன் ஸர்வீஸைத் தொடங்கிற்று. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து நிறுவிய கம்பெனி அது. முதலில் வடகிழக்கு மாநிலங்களுக்கும், பின்னர் நாடெங்கும் பறந்தது. கான்பூரில் நம் நாட்டிலேயே செய்யப்பட்ட டார்னியர் விமானங்கள் அதற்கு உதவின. தமிழகத்தில் நெய்வேலிக்கும் தஞ்சாவூருக்குங்கூட அது சென்றதுண்டு.

ஆசனங்கள் குறைவு, செலவோ குறைவில்லை. பத்தொன்பது பேர் அமரும் விமானத்திற்கும் இரண்டு விமானிகள் வேண்டும். வானிலை அறிக்கை வேண்டும். தீயணைப்பு வண்டி வேண்டும். நட்டம் பெருகி, 1993-இல் வாயுதூத் இந்தியன் ஏர்லைன்ஸுடன் சேர்க்கப்பட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். கம்பெனி மறைந்தாலும் அதன் சிப்பந்திகள் சர்க்கார் கம்பெனிகளில் ஏற்றுக்கொள்ளப்பட்டனர். நாகபுரி–சிந்த்வாடா நாரோ கேஜ் பாதை 2015-இல் மூடப்பட்டு அகலப்பாதையாக மாற்றப்பட்டபோது நம் சிப்பந்திகளுக்கு வேறிடத்தில் வேலை கிடைத்ததே, அதுபோல.

சிறு கம்பெனிகளின் காலம்

1953-ஆம் ஆண்டுச் சட்டம் 1994-இல் நீக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே தனியார் கம்பெனிகள் வரத் தொடங்கின. சென்னையிலிருந்து என்.இ.பி.சி. ஏர்லைன்ஸ் ஃபாக்கர் விமானங்களைப் பறக்கவிட்டு, 1997-இல் ஓய்ந்தது. 2003-இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் ஏ.டி.ஆர். விமானங்களைக் கொண்டு பெங்களூர்–ஹூப்ளி மார்க்கத்தில் தொடங்கி, இரயிலில் சென்றவரை விமானத்தில் ஏற்றியது. அது கிங்ஃபிஷருடன் கலந்தது. கிங்ஃபிஷரோ 2012-இல் நின்றது. அதன் சிப்பந்திகள் பல மாதச் சம்பளத்தை இழந்தனர்.

சிறிய ஜெட் விமானங்களின் கதை இன்னும் சிந்திக்கத்தக்கது. சென்னையைத் தலமாகக்கொண்ட பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005-இல், பிரேஸில் நாட்டு எம்ப்ரேயர் ஜெட்டை நம் நாட்டில் முதன்முதல் ஓட்டியது, 2010-இல் நின்றது. விஜயவாடாவைத் தலமாகக்கொண்ட ஏர் கோஸ்டா 2013-இல் அதே இனத்து விமானங்களுடன் தொடங்கி 2017-இல் நின்றது. 2019 முதல் ஸ்டார் ஏர் 50 ஆசன எம்ப்ரேயர்களையும், 2023 முதல் அவற்றைவிடப் பெரியவற்றையும் ஓட்டி வருகின்றது.

விமானிக்கு இதனால் நேர்வது என்ன? விமான இனம் ஒவ்வொன்றுக்கும் தனிப்பயிற்சி பெற்று, லைசென்ஸில் பதிவு செய்துகொள்ளவேண்டும். நாட்டில் ஒரே கம்பெனி ஓட்டும் இனத்தில் பதிவு பெற்றவர், அக்கம்பெனி மூடப்பட்டால் அப்பதிவைக்கொண்டு உள்நாட்டில் வேறெங்கும் சேர இயலாது. மறுபடியும் இலட்சக்கணக்கில் செலவிட்டு வேறினத்தைக் கற்கவேண்டும். புதிய கம்பெனியில் பெரும்பாலும் பட்டியலின் அடியிலிருந்தே தொடங்கவேண்டும். கேப்டனாக இருந்து அனுபவம் சேர்த்தவருக்குச் சில சமயம் கேப்டனாகவே இடம் கிடைக்கும். துணை விமானிக்கு அந்தச் சலுகையுமில்லை. இருப்புப்பாதையில் ஸீனியாரிட்டி இலாகாவின் சொத்து, நம்மோடு வரும். விமானத் தொழிலில் அது கம்பெனியின் சொத்து, கம்பெனியோடு போகும். இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையை உணராதவர் அவ்வுத்தியோகத்தை உணராதவரே.

உடான் திட்டம்

2016-இல் மத்திய சர்க்கார் உடான் திட்டத்தை அறிவித்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பிரயாணத்திற்கு, பாதி ஆசனங்களுக்கு, 2500 ரூபாய்க்கு மேற்படாத கட்டணம் என்பது அதன் தொடக்க விதி. கம்பெனிக்கு வரும் நட்டத்தை மூன்றாண்டுகள் ஈடுசெய்ய, பெரிய மார்க்கங்களில் பறக்கும் விமானங்களின்மீது ஒரு வரி விதிக்கப்பட்டது. மெயில் வண்டி வருமானத்தில் கிளைப் பாதையைக் காப்பாற்றும் நம் பழைய முறையே இது. 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-இல் சிம்லா–டெல்லி விமானத்துடன் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

பயன் இல்லாமற் போகவில்லை. பல ஊர்களுக்கு முதன்முறையாக விமானம் வந்தது. 2022-இல் அலையன்ஸ் ஏர் கம்பெனி, கான்பூரில் செய்த டார்னியரை திப்ரூகரிலிருந்து அருணாசலத்துப் பாசிகாட்டுக்கு ஓட்டியபோது, வாயுதூத்தின் பழைய நண்பன் திரும்பி வந்தது போலாயிற்று. ஆனால் 2023-இல் வெளியான தணிக்கை அறிக்கை வேறொரு கணக்கையும் காட்டுகின்றது. முதல் மூன்று கட்டங்களில் ஒதுக்கப்பட்ட 774 மார்க்கங்களில் 403 தொடங்கவேயில்லை. தொடங்கிய 371-இல் மூன்றாண்டுகளை நிறைவு செய்தவை 112. அதன் பின்னும் 2023 மார்ச் வரை நிலைத்தவை 54 மட்டுமே. நம் சேலத்தையே பாருங்கள். 2018-இல் ட்ரூஜெட் அங்கு வந்தது, 2021-இல் நின்றது, 2023 அக்டோபரில்தான் விமானம் மீண்டது. ட்ரூஜெட் கம்பெனியே மறைந்துவிட்டது.

அமெரிக்க நாட்டு அனுபவம்

சிறிய ஜெட்டின் தாயகம் அமெரிக்கா என்னலாம். 1993-இல் காம்ஏர் என்னும் கம்பெனி 50 ஆசனங்கொண்ட கனடா நாட்டு ஜெட்டை அங்கே முதலில் ஓட்டியது. பெரிய கம்பெனியின் பெயரும் வர்ணமும் பூண்டு, ஆனால் வேறு சம்பளத்தில், சிறு கம்பெனி விமானிகள் பறந்தனர். தம் வேலை இவர்களிடம் போய்விடலாகாதென்று பெரிய கம்பெனி விமானிகளின் சங்கங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு, சிறு விமானங்களுக்கு 76 ஆசனமும் ஓர் எடையும் எல்லையாக வகுத்தன. பல ஆண்டுகள் அற்பச் சம்பளத்தில் உழைத்து, மணிக்கணக்கைச் சேர்த்து, பெரிய கம்பெனிக்கு ஏறுவதே அங்குள்ள படிமுறை.

2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-இல் கால்கன் ஏர் விமானம் பஃபலோ நகருக்கருகே வீழ்ந்து 50 பேர் மாண்டனர். விசாரணையில் விமானிகளின் களைப்பும் குறைந்த சம்பளமும் நாடறிய வெளிவந்தன. துணை விமானிக்கும் 1500 மணி நேர அனுபவம் வேண்டுமென்று 2013-இல் விதி வந்தது. அவ்விமானிகள் இருவருக்கும் அதற்கு மேற்பட்ட அனுபவம் இருந்தது என்பது வேறு விஷயம். பின்னர் விமானிகள் கிடைப்பது அரிதாகவே, 2022 முதல் சிறு கம்பெனிகளிலும் சம்பளம் மிக உயர்ந்தது.

சிறு ஜெட்டுகளுக்கோ முதுமை வந்துவிட்டது. கனடா நாட்டு ஜெட்டின் உற்பத்தி 2021-உடன் முடிந்தது. புதிய ஜெட் செய்ய முயன்ற ஜப்பானிய மிட்சுபிஷி 2023-இல் அம்முயற்சியைக் கைவிட்டது. புதிய எஞ்சின்கள் எரிபொருளைச் சேமிப்பினும் எடை கூடியவை. ஒப்பந்தத்தின் எடை எல்லையோ நகரவில்லை.

நம் நாட்டின் எதிர்காலம்

நம் நாட்டுக் குறுந்தொலைவு மார்க்கங்களில் விசிறி பூட்டிய ஏ.டி.ஆர். விமானமே சிக்கனமானது. முந்நூறு கிலோமீட்டர் செல்லும் பிரயாணத்தில் ஜெட் மிச்சப்படுத்துவது சில நிமிஷங்களே. எரிக்கும் எண்ணெயோ அதிகம். அலையன்ஸ் ஏர், 2017 முதல் இண்டிகோ, 2024 முதல் ஃப்ளை91 ஆகிய கம்பெனிகள் ஏ.டி.ஆரை ஓட்டுவதால், அதில் பதிவு பெற்ற விமானிக்கு ஒரு கதவு மூடினும் மறு கதவு உண்டு. அதைவிடத் தொலைவான, ஆனால் பெரிய விமானம் நிரம்பாத மார்க்கங்களுக்குச் சிறு ஜெட் பொருந்தும். 2025 அக்டோபரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், ரஷ்யாவின் எஸ்.ஜே.100 ஜெட்டை இங்கே உற்பத்தி செய்வதற்காக உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டது. கான்பூரில் ஆவ்ரோ செய்த நாட்டுக்கு இது புதிய துணிச்சலன்று. ஆயினும் காகிதம் விமானமாக நாளாகும்.

விமானிகளின் தேவை பொய்யன்று. ஓய்வு நேர விதிகள் கடுமையானபோது, 2025 டிசம்பரில் நாட்டின் மிகப்பெரிய கம்பெனியே ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துச் செய்ய நேர்ந்ததை நாம் கண்டோம். ஆனால் தேவையுள்ளது அனுபவமுள்ள விமானிக்கு. 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் பெற்ற இளைஞன் வாயிலில் நிற்கின்றான். உள்ளே இடம் காலியாயிருக்கின்றது. இரண்டுக்கும் நடுவே நின்று அனுபவம் ஊட்டவேண்டியது சிற்றூர் விமானம். 1985-இல் சௌதாமினி தேஷ்முக்கும் நிவேதிதா பாசினும், பெண்களே முழுதும் நடத்திய விமானத்தை ஓட்டியது எந்த மார்க்கத்தில்? கல்கத்தா–சில்சார் என்னும் சிறிய மார்க்கத்தில், ஃபாக்கர் விமானத்தில். பெரியவர் பலரும் சிறிய விமானத்தில் பயின்றவரே. ஆதலால் சிற்றூர் விமானம் நின்றால் சேலத்துக்காரர் மட்டுமா நட்டமடைவர்? நாளைய கேப்டன்களும் குறைவர்.

என்னை வினவிய அன்பருக்கு யான் கூறியது இதுதான்: பிள்ளைக்குப் பௌதிகமும் கணிதமும் இருக்கட்டும். முதலில் மருத்துவப் பரிசோதனையில் தேறட்டும்; அதற்குமுன் ஒரு காசும் கட்டவேண்டாம். ரேபரேலிக்கருகே ஃபர்சத்கஞ்சிலுள்ள சர்க்கார் அகாடமியின் நுழைவுத் தேர்வை எழுதட்டும். எந்த விமான இனத்தைக் கற்பது என்பதை, எத்தனை கம்பெனிகள் அதை ஓட்டுகின்றன என்று எண்ணிப் பார்த்துத் தீர்மானியுங்கள். சீருடையைப் பார்த்துச் சேராதீர்கள். கம்பெனியின் கணக்கைப் பார்த்துச் சேருங்கள். நிலத்தை முழுதும் விற்காதீர்கள். வேலை கிடைக்கத் தாமதமாகும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பாதியேனும் கையில் இருக்கட்டும்.

அப்பிள்ளை மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டான். இப்பொழுது நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கின்றான். நம் பாட்டன்மார் கிளைப் பாதையில் கரியள்ளிப் போட்டே மெயில் எஞ்சினுக்கு ஏறினர். இவனும் ஒரு சிறிய விமானத்தில் தொடங்கி, தன் பெயருள்ள பட்டியல் பாதியில் கிழிபடாமல், உச்சிப்படி ஏறவேண்டும் என்பதே நம் சங்கத்தார் அனைவரின் விருப்பமுமாகும்.