கண்புரை: திரையா, வில்லையா?

முதுமையில் கண்வில்லை மங்குவதே கண்புரை. இது இன்று பள்ளிப் பாடம். ஆனால் கேலன் காலம் தொட்டு ஐரோப்பிய மருத்துவர்கள், வில்லைக்கு முன்னால் நீர் இறங்கி உறைந்த திரையே புரை என நம்பினர். ஊசியால் அத்'திரை'யைக் கீழே தள்ளினால் ஓரளவு பார்வை மீண்டது. தள்ளப்பட்டது வில்லைதான் என்பதைப் பெரும்பாலோர் அறியவில்லை! 1705-இல் பிரெஞ்சு மருத்துவர் பிரிசோ, இறந்த படைவீரர் ஒருவரின் புரைபடிந்த கண்ணை அறுத்துப் பார்த்தார். திரை இல்லை, வில்லையே மங்கியிருந்தது. பாரிசு அறிவியல் கழகம் முதலில் இதை ஏற்கவில்லை. 1747-இல் ஜாக் டேவியல் மங்கிய வில்லையை வெளியே எடுத்துக் காட்டினார்.

வில்லையின் நார் உயிரணுக்கள் முதிரும்போது உட்கருவை இழக்கின்றன. ஒளி தடையின்றிச் செல்ல அந்த இழப்பு தேவை. ஆனால் அதன்பின் பழுதான கிறிசுட்டலின் புரதங்களுக்குப் பதில் புதியவை உருவாவதில்லை. பழையவையே ஆண்டுக்கணக்கில் திரண்டு ஒளியைச் சிதறடிக்கின்றன.